இட்லிப் பானையில் கொடுவா

1

சென்னையில் ஒரே ஒரு மீனை வேக வைக்க எனக்கு ஓர் அடுப்பு கிடைக்கவில்லை. நம்ப மாட்டீர்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊர். நான் பிறந்ததோ சைதாப்பேட்டையில், மீன் மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில். அப்படிப்பட்டவன் அடுப்புக்கு அலைந்தேன் என்றால் என் நேரத்தை என்ன சொல்ல.

இதை நார்வேயின் பெர்கன் நகரத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு எழுதுகிறேன். வெளியே மழை. இங்கே மழை பெய்வது செய்தியே இல்லை, நின்றால்தான் ஜனங்கள் பேசிக்கொள்வார்கள். குளிர் உள்ளே வருகிறது. வந்தால் வரட்டும்.

நடந்தது இது. என் மாமனார் மயிலாப்பூரில் தனியாக இருக்கிறார். கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அவருக்கு ஒரே பெண் மைதிலி, என் மனைவி. செய்தி வந்த அன்றே கிளம்பிப் போனவள் மூன்று மாதமாக அங்கேயே இருந்தாள். அவளை அழைத்து வரத்தான் நான் போனேன். இருவருக்கும் சனிக்கிழமை டிக்கெட். நான் போய் இறங்கி ஒரு வாரம் ஆகியும் அவளுடைய பெட்டி பரண்மேலேயே இருந்தது. நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பால் வாங்கப் போனவன் லஸ் வரைக்கும் நடந்துவிட்டுப் பால் இல்லாமல் திரும்பினேன்.

சனிக்கு முன்னால் வந்த புதன்கிழமை எங்கள் கல்யாண நாள். அன்று சாயங்காலம் நாங்கள் இருவர் மட்டும் எங்காவது உட்கார்ந்து, என் கையால் எண்ணெய் இல்லாமல் ஒரு மீன் செய்து போட்டு, வருகிறாயா இல்லையா என்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஓட்டலுக்கு அழைத்துப் போயிருக்கலாமே என்பீர்கள். எங்களுக்குள் பெரிய பேச்சுகள் எல்லாம் புதன்கிழமை மீனை நடுவில் வைத்துக்கொண்டுதான் நடந்திருக்கின்றன. பெர்கனில் வீடு வாங்கலாம் என்பது, இந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிப் போடலாம் என்பது, எல்லாமே.

2

மைதிலியும் நானும் தி.நகரில் ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர்கள். அவள் வீடு கோயில் குளத்துக்கு அடுத்த தெரு. அங்கே வெங்காயம்கூட நாள் பார்த்துத்தான் சமையலறைக்குள் வரும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் நெத்திலி வறுபடும் வாசனையில் கண் விழித்தவன். காதல், எதிர்ப்பு, சமாதானம் எல்லாம் நீங்கள் பக்கத்து வீட்டில் பார்த்ததுதான், விட்டுவிடுகிறேன்.

எனக்கு வேலை கிடைத்து நார்வே வந்த பிறகு முதல் குளிர்காலம். சூரியன் மத்தியானம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மைதிலிக்கு முடி கொட்டியது. மாடிப்படி ஏறினால் மூட்டு வலித்தது. காரணமே இல்லாமல் அழுதாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மாத்திரை தருகிறேன், ஆனால் மீனும் சாப்பிடு என்றார். இந்த ஊரில் அது கொஞ்சம் நடந்துவிட்டு வா என்று சொல்கிற மாதிரி. சில நாள் கழித்து அவளே என்னிடம் வந்து, வாசனை வரக் கூடாது, எண்ணெய் கூடாது, பார்த்தால் மீன் மாதிரி தெரியக் கூடாது, உன்னால் முடியுமா என்று கேட்டாள்.

அவள் அம்மா கொடுத்தனுப்பிய இட்லிப் பானை இருந்தது. டார்ஸ்க் என்று இங்கே ஒரு மீன் உண்டு. வெள்ளை வெளேரென்று, முள் எடுத்த துண்டமாகக் கிடைக்கும். உப்பு, எலுமிச்சை, மெல்லிசாக நறுக்கிய இஞ்சி, தட்டிப் போட்ட மிளகு, அவ்வளவுதான். ஈரத்துணி போட்ட இட்லித் தட்டில் வைத்து மூடினேன். அவள் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள். "இட்லி மாதிரிதான் இருக்கு" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மீனிட்லி.

எந்தக் கிழமை என்று ஒரு பஞ்சாயத்து வந்தது. திங்கள் சிவனுக்கு, செவ்வாயும் வெள்ளியும் அம்பாளுக்கு, வியாழன் குருவுக்கு, சனி பெருமாளுக்கு. ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா போன் செய்கிற நாள், மீன் தின்ற வாயால் பொய் சொல்ல வராது. மிச்சம் இருந்தது புதன். கடவுள்கள் விட்டுக்கொடுத்த அந்த ஒரு நாளில்தான் எங்கள் குடும்பம் ஓடியது.

அந்த அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்போது அவர் இல்லை. நாங்கள் குடித்தனம் வைத்த புதிதில் போனில் என்னைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, வெளியில நீங்க என்ன வேணா சாப்பிடுங்கோ. ஆத்துல மட்டும் மீன் வேண்டாம், கேட்டேளா?" என்றார். நான் உடனே ஒப்புக்கொண்டேன். சைதாப்பேட்டைக்காரனுக்கு ஆத்துல என்றால் அடையாற்றில். அந்த ஆற்றை மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் கடந்தவர், அதை மனதில் வைத்துச் சொல்கிறார், நியாயம்தானே என்று எடுத்துக்கொண்டேன். தேடித் தேடிக் கடல் மீனாக வாங்கினேன். அடுத்த முறை பேசும்போது, நீங்க சொன்ன மாதிரியே ஆத்து மீனைத் தொடறதே இல்லம்மா, எல்லாம் கடல் மீன்தான் என்று பெருமையாக வேறு சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இந்தப் பக்கம் மைதிலி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். என்னிடம் அதுவரை ஆபீஸ் தமிழிலேயே பேசி வந்தவள், அன்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவர்கள் பேச்சில் ஆம் என்றால் வீடு. ஆத்துல என்றால் வீட்டில்.

அதற்குப் பிறகு அந்தச் சொல் எங்கே விழுகிறது என்று காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். அவளுக்கு மயிலாப்பூர்தான் ஆம். பெர்கனில் இருப்பது வீடு. சொந்தமாக வாங்கி, சுவருக்கு நாங்களே பெயின்ட் அடித்து, மகள் அனு தவழ்ந்து வளர்ந்த இடம்தான். இருந்தாலும் அது வீடு. ஆத்துக்குப் போகணும் என்று அவள் சொன்னால் விமானம் ஏற வேண்டும் என்று அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு. சென்னையில் விமானம் இறங்கிவிட்டால் அவள் சைவம். லீவு முடிகிறவரை மீன் என்ற பேச்சே கிடையாது. திரும்பி வந்த புதன்கிழமை தட்டை நீட்டுவாள். இங்கே ஒரு மைதிலி, அங்கே ஒரு மைதிலி. இங்கே இருப்பவளை அங்கே ஒரு சாயங்காலமாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். அந்த ஊரில் என் மீனை ஒரு வாய் சாப்பிட்டாள் என்றால் அவள் என்னோடு வருவாள். அப்படித்தான் மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன்.

3

மயிலாப்பூர் சமையலறையை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆதம்பாக்கத்தில் என் அக்கா வீடு இருக்கிறது. அக்காவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அங்கே போனால் மீன் குழம்பு, வறுவல், இறால் தொக்கு என்று இலை நிறைந்துவிடும். பேரன் பேத்திகள் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். மைதிலியிடம் தனியாக ஒரு வார்த்தை பேச முடியாது. எண்ணெயைக் குறைக்கச் சொன்ன என் டாக்டரும் என்னை மன்னிக்க மாட்டார்.

எனவே ஒரு நாள் வாடகைக்குச் சமையலறையோடு கூடிய ஃபிளாட் தேடினேன். மேற்கு மாம்பலத்தில் ஒன்று, வெஜ் ஒன்லி. தி.நகரில் இரண்டு, வெஜ் ஒன்லி. ஓர் இடத்தில் போன் எடுத்தவர் தன்மையாகத்தான் பேசினார். வெளியிலிருந்து எதை வேண்டுமானாலும் வரவழைத்துச் சாப்பிடலாமாம், அடுப்பில் மட்டும் ஏற்றக் கூடாதாம். மாமியார் எனக்குப் போட்ட சட்டத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதி ஊர் முழுக்கப் போர்டு மாட்டியிருந்தார்கள்.

கடைசியில் அடையாற்றில் ஒன்று அகப்பட்டது. மீனா, தாராளமா சமைச்சுக்கோங்க சார், எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் போட்டுக்கோங்க என்றார் மேனேஜர். என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஃபாரினரா சார் நீங்க?"

"சைதாப்பேட்டை" என்றேன்.

"இதுல வேற போட்டிருக்கே சார்."

வெளிநாட்டவர் தங்கினால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அவர் பேரில் குற்றமில்லை. எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள், வந்த நோக்கம் என்ன என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நோக்கம்தான் இடித்தது. மனைவிக்கு மீன் வேக வைப்பது என்றா சொல்ல முடியும். சுற்றுலா என்று அவரே போட்டுக்கொண்டார்.

வெளியே வந்து நின்றபோது அனுவின் போன். டிரொண்ட்ஹைமில் படிக்கிறாள். அவள் பேசும் தமிழில் வருடா வருடம் ஒரு சொல் உதிர்ந்து அந்த இடத்தில் நார்வே மொழிச் சொல் வந்து உட்கார்ந்துவிடும். முன்பெல்லாம் திருத்துவேன். இப்போது அவள் கூப்பிடுவதே பெரிய விஷயமாகிவிட்டது.

"அப்பா, மம்மா யெம் வர்றாங்களா?"

யெம் என்றால் அவர்கள் மொழியில் வீட்டுக்கு. புதன்கிழமை கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஏன், இவ்வளவு நாளும் கேட்கவில்லையா என்றாள். தமிழில் தடுமாறினாலும் கேள்வி கேட்பதில் அவள் அம்மாவேதான்.

4

ஃபிளாட்டில் இட்லிப் பானை இல்லை. மயிலாப்பூர் பானையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. தி.நகரில் ஒரு பாத்திரக் கடையில் புதிதாக வாங்கினேன். குக்கர்லயே இட்லி வேகுமே சார், இது எதுக்கு என்று கடைப்பெண் கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டேன்.

புதன்கிழமை காலையில் சைதாப்பேட்டை மார்க்கெட். எனக்கு முகம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஒரு பெண்மணி வஞ்சிரம் கீது, சங்கரா கீது, கொடுவா இப்பதான் வந்துச்சு என்று அடுக்கினார். ஆவியில் வேக வைக்க, முள் அதிகம் இல்லாததாக வேண்டும் என்றேன்.

"ஆவிலயா? யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

ஒருவருக்கும் ஒன்றும் இல்லை, கல்யாண நாள் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொடுவாவைத் தூக்கிப் பலகையில் போட்டார். தோலை உரித்துத் துண்டத்தைப் பெரிசாகப் போடட்டுமா என்று கேட்டார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நார்வேக்காரர்கள் ஆமாம் என்பதைப் பாதி நேரம் வாயால் சொல்வதில்லை. மூச்சைச் சர்ரென்று உள்ளே இழுத்து, இழுக்கிற இழுப்பிலேயே யா என்பார்கள். போன புதிதில் எனக்குப் பயமாக இருக்கும். பிறகு எப்போது எனக்கே தொற்றியது என்று தெரியவில்லை. அன்றைக்கும் அப்படியே இழுத்தேன்.

"இன்னா நைனா, மூச்சு வாங்குது? இப்டிக் குந்து" என்று பக்கத்திலிருந்த கூடையைக் கவிழ்த்துப் போட்டார்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பிறந்த ஊரில், என் மார்க்கெட்டில், கவிழ்த்த கூடைமேல் நோயாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆவியில் வெந்த மீன் இவனுக்குத்தான் என்று அவர் தீர்மானித்துவிட்டது தெரிந்தது. மேலே ஒரு துண்டம் இஞ்சியை அவரே பக்கத்துக் கடையில் வாங்கிப் பையில் போட்டார்.

5

சாயங்காலம் மைதிலியை அழைத்துப் போக மயிலாப்பூர் வந்தேன். நான் எதற்கு ஃபிளாட் எடுத்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். முதலில், "இங்க நான் சாப்பிட மாட்டேன்னு உனக்குத் தெரியுமோல்லியோ" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி வருகிறேன் என்றாள். அரக்குக் கரை போட்ட பச்சைப் புடவை கட்டியிருந்தாள். பெர்கனில் அந்தப் புடவை அலமாரியை விட்டு இறங்கியதே இல்லை.

மாமா கூடத்தில் வாக்கரை முன்னால் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். கீழ் வீட்டம்மாள் வந்து துணைக்கு உட்காருவதாக ஏற்பாடு. அவரிடம் வெளியே சாப்பிடப் போகிறோம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். நான் செருப்பு மாட்டும்போது கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, நம்மூர் மீன்ல முள்ளு ஜாஸ்தி. அவ பழகலை. பார்த்துச் சாப்பிடச் சொல்லுங்கோ."

எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. மைதிலி சிரிப்பை அடக்கிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் ஏறின பிறகுதான் சொன்னாள். அனு ஆறு வயதில் லீவுக்கு வந்திருந்தபோதே தாத்தாவிடம் மீனிட்லியைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிவிட்டாளாம். இத்தனை வருடம் மனிதர் மூச்சு விடவில்லை. போன மாதம் ஒரு நாள், புதன்கிழமையானால் உனக்கு நாக்கு தேடாதா என்று தானாகக் கேட்டாராம்.

6

மெழுகுவர்த்தி வாங்கி வைத்திருந்தேன். பெர்கனில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அது இல்லாமல் உட்கார மாட்டோம். அடையாற்றில் அதை ஏற்றினால் மின்விசிறி அணைத்தது, மின்விசிறியை நிறுத்தினால் வியர்வை கொட்டியது. இரண்டு தடவை பார்த்துவிட்டு மைதிலி மெழுகுவர்த்தியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

கொடுவாவை எலுமிச்சையும் உப்பும் தடவி வைத்திருந்தேன். அடியில் வாழையிலை, மேலே இஞ்சி, கீறின பச்சை மிளகாய், தட்டின மிளகும் சீரகமும், கடைசியில் கிள்ளிப் போட்ட கொத்தமல்லி. பானையை மூடிவிட்டு, பீன்ஸும் உருளைக்கிழங்கும் தனியாக வேக வைத்தேன். அவள் மீனைத் தொடாவிட்டால் பட்டினி கிடக்கக் கூடாதே. மூடியைத் திறந்தபோது இலை வெந்த வாசனையும் இஞ்சி வாசனையும்தான் வந்தன. டார்ஸ்க்கைவிட நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

காய்களை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதைத் தள்ளிவிட்டு மீன் தட்டை இழுத்துக்கொண்டாள். ஒரு துண்டத்தைப் பிட்டு, விரலால் தடவி ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, வாயில் போட்டாள். இன்னொரு விள்ளல். இன்னொன்று. வந்துவிடுவாள், சனிக்கிழமை என் பக்கத்து சீட்டில் உட்காரப் போகிறாள் என்று மனது குதித்தது. டார்ஸ்க் தோத்தது போ என்று அவள் சொன்னபோது, கேட்க வைத்திருந்த கேள்வியே இனித் தேவையில்லை என்று நினைத்தேன்.

"இங்க சாப்பிடறதில்லைன்னு இருந்தேனே, ஏன் தெரியுமா?" என்றாள். "விருந்தாளியா வந்துண்டிருந்தேன். கொஞ்ச நாளைக்குப் பழைய பொண்ணா வேஷம் போட்டுடலாம். குடியிருக்கறவளால முடியாது."

"குடியிருக்கறவன்னா?"

"நான் சனிக்கிழமை வரலை, சேகர்."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள். அப்பாவுக்கு அந்தக் குளிர் ஆகாது, கேட்டுப் பார்த்தாகிவிட்டது. ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்தான், ஆனால் அவர் விழுந்த அன்று தரையில் கிடந்து வெகுநேரம் கூப்பிட்டதைக் கீழ் வீட்டம்மாள் சொன்னதிலிருந்து அவளுக்கு இன்னும் தூக்கம் வரவில்லை. நானும் இங்கே வந்துவிடட்டுமா என்றேன். என் வேலை அங்கே, அனு அங்கே. ரெண்டு பேரும் இங்கே வந்துட்டா அவ லீவுக்கு எங்க போவா என்று கேட்டாள். நான் எதுவரைக்கும் என்றேன்.

"அப்பா இருக்கற வரைக்கும்."

அது சீக்கிரம் முடிய வேண்டும் என்று விரும்பினால் நான் மனிதனில்லை. நெடுநாள் நீள வேண்டும் என்று விரும்பவும் மனமில்லை. கோபம் வந்தது. யார்மேல் என்று தேடினேன். முள் பார்த்துச் சாப்பிடச் சொன்ன மனிதர்மேல் எப்படிக் கோபப்படுவது. அவர் கொஞ்சம் பொல்லாதவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மீதி மீனை அவளே எடுத்து என் தட்டில் பாதி, அவள் தட்டில் பாதி என்று போட்டாள். ஆறினாலும் நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டு முடித்தோம். பானையைக் கழுவித் துடைத்து அவள் தன் பையில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்றேன். புதன்கிழமைகளில் வேண்டியிருக்கும் என்றாள். தனி அடுப்பாகப் பின்கட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி அப்பாவே சொல்லிவிட்டாராம்.

ஆட்டோவில் திரும்பும்போது அடையாறு பாலத்தில் நெரிசல். வண்டி ஆற்றின்மேல் நின்றுவிட்டது. கீழே தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது, அதில் விளக்குகள் நீண்டு தெரிந்தன. மைதிலி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்துக்குப் போனதும் ஜன்னலைத் தொறந்து வை. மூடியே கிடந்து ஈர வாடை அடிக்கும்" என்றாள்.

நான் வேறு எங்கேயோ இருந்தேன். ஜன்னல் எல்லாம் திறந்துதானே இருக்கிறது, மாமா கூடத்திலேயே இருக்கிறாரே என்றேன்.

"இங்க இல்லை. நம்மாத்துல" என்றாள். "பெர்கன்ல."

ஆமாம் என்றேன், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு.